புழல் ஏரிக்கரையில் ஒரு முகாம் கதை

மே மாத வெயிலில் புழல் ஏரிக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். படகா, பூங்காவா, அங்கே என்ன இருக்கிறது? ஒன்றுமில்லைதான். 1876இல் கட்டிய கரை, தண்ணீருக்குள் நிற்கும் ஜோன்ஸ் கோபுரம், சென்னையின் குடிநீர் என்பதால் இறங்காதே என்று மிரட்டும் பலகைகள். எனக்கு அது போதும். குளிரூட்டிய அறையில் கோடைக்கால முகாம் என்ற பெயரில் அபாகஸ் உருட்டிக்கொண்டிருந்த அக்கா மகனையும் மாதவரத்தில் பஸ் ஏற்றி என்னோடு கூட்டிப்போனேன்.

"முகாமை இங்கேயே நடத்தினால் என்ன மாமா?" என்றான், கரையில் காற்று முகத்தில் அடித்ததும்.

நடத்தியிருக்கிறார்கள், அமெரிக்காவில். நியூ ஹாம்ப்ஷயரின் ஸ்குவாம் ஏரியில் ஒரு சிறு தீவு. 1881இல் எர்னஸ்ட் பால்ச் என்ற கல்லூரி மாணவர் அங்கே பையன்களுக்காகச் சக்கோருவா முகாமைத் தொடங்கினார். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கோடை முழுக்க ஓட்டல்களில் சோம்பிக் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. எனவே முகாமில் வேலையாட்களே கிடையாது. சமைப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் பையன்கள் பாடு. கைச்செலவுக்கு மேல் காசு வேண்டுமானால் முகாமில் ஏதாவது ஒரு வேலையை ஒப்பந்தம் எடுத்துச் சம்பாதிக்க வேண்டும். கணக்கு வைக்க முகாமுக்குள்ளேயே ஒரு வங்கி! 1889இல் அந்த முகாம் மூடப்பட்டது. ஆனால் 1885இல் ஒய்.எம்.சி.ஏ.வின் சம்னர் டட்லி ஆரேஞ்ச் ஏரிக்கரையில் ஏழு பையன்களோடு தொடங்கிய முகாம், ஷாம்ப்ளேன் ஏரிக்கரைக்கு இடம் மாறி இன்றும் நடக்கிறது.

ஒப்பந்த விஷயம் மட்டும் அவன் மனதில் ஒட்டிக்கொண்டது.

சாலையோரம் ஓர் அம்மாள் ஜிலேபி மீன் விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இவன் வயதுப் பையன், லீவு விட்டதிலிருந்து அம்மாவுக்கு ஒத்தாசை. வாலை அழுத்திப் பிடித்து, கத்தியால் எதிர்வாட்டத்தில் ஒரு இழுப்பு, செதில்கள் தெறித்தன. செவுளைப் பிடுங்கினான், வயிற்றைக் கீறினான், அலசிப் போட்டான். பால்ச் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்த பாடம் இங்கே வீட்டுக்கு வீடு இலவசம், அதை யாரும் முகாம் என்று சொல்வதில்லை.

எங்கள் ஆளும் ஒரு மீனைக் கையில் எடுத்தான். முதுகு முள் குத்தியது, விடவில்லை. ஒருவழியாக முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஒப்பந்தம் போடலாமா மாமா? மீனுக்கு ஐந்து ரூபாய்."

அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மெதுவாகப் பேசு கண்ணு. என் மகன் காதில் விழுந்தால் அவனும் கூலி கேட்பான்!"