12 வயது காருக்குக் கேட்டலிடிக் கன்வர்ட்டர் மாற்றிய அனுபவம்

2013 கடைசியில் வாங்கிய பெட்ரோல் கார், ஓடோமீட்டர் 1,18,000 தாண்டிவிட்டது. போன வருஷம் செக் இன்ஜின் விளக்கு எரிய ஆரம்பித்தபோது வண்டி ஓட்டுவதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டு மாசம் கழித்துத்தான் சென்னை கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது, மூன்றாவது கியரில் எவ்வளவு மிதித்தாலும் இழுவை வராமல், யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. சிக்னலில் நின்றால் அழுகின முட்டை வாடை வேறு. மாசு சர்டிஃபிகேட் எடுக்கப் போனால் கார்பன் மோனாக்சைடு 0.9 சதவீதம் காட்டியது. பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற மாசு விதி) வண்டிக்கு ஐட்லிங்கில், அதாவது நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும்போது, 0.3க்குள் இருக்க வேண்டும், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள். எனக்கு அது 410.

முதலில் போன பட்டறையில் ஸ்கேனர் போட்டார்கள், பி0420 என்று கோடு வந்தது. உடனே பின்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் (புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் என்று அளப்பது) போய்விட்டது, மாற்றணும் என்றார்கள். 4,200 ரூபாய். நாலே நாளில் விளக்கு திரும்ப எரிந்தது. இது நிறைய பேருக்கு நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்பது எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கும் ஒரு டப்பா, இன்ஜின் புகையில் இருக்கும் நச்சு வாயுக்களைக் குறைப்பது அதன் வேலை. அதற்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். முன் சென்சாரின் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அது சரியான நடத்தைதான். கன்வர்ட்டர் நன்றாக வேலை செய்தால் பின் சென்சார் 0.6, 0.7 பக்கத்தில் அசையாமல் கிடக்கும். பின்னாலும் அதே ஆட்டம் ஆடினால், உள்ளே போகிற புகை அப்படியே வெளியே வருகிறது என்று அர்த்தம், அதைத்தான் பி0420 சொல்கிறது. அதாவது சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டோம். கோடு வந்ததும் எதையாவது மாற்றச் சொன்னால், இரண்டு சென்சாரின் கிராஃபையும் ஸ்கேனர் திரையில் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிஷ வேலைதான்.

இரண்டாவதாகப் போன மெக்கானிக் அதைத்தான் முதலில் பார்த்தார். அப்புறம் எக்ஸாஸ்ட்டில் எங்கேயாவது லீக் இருக்கிறதா என்று தேடினார், ஏனென்றால் ஓட்டை வழியாகக் காற்று புகுந்தாலும் இந்தக் கோடு வரும். லீக் இல்லை. முன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டி 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தார். 3 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டிய இடத்தில் முள் 7ஐத் தொட்டது. "உள்ள அடைச்சிருக்கு சார். ஆனா இது தானா போகாது. இதுக்கு முன்னாடி வண்டி மிஸ்ஸிங் அடிச்சுதா?" என்று கேட்டார்.

அடித்தது. அதற்கு முந்தின கோடையில் ஏற்காடு ஏறும்போது இக்னிஷன் காயில் (பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் கொடுப்பது) ஒன்று போய், ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல், வண்டி குலுங்கியது. செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மீதி கொண்டை ஊசி வளைவு எல்லாவற்றையும் அப்படியே ஏறிவிட்டேன், ஊர் திரும்பித்தான் காயில் மாற்றினேன். எரியாத பெட்ரோல் முழுக்கக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்திருக்கிறது. உள்ளே இருப்பது பீங்கான் தேன்கூடு, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. அளவான சூட்டில் வருஷக்கணக்காக உழைக்கும், ஆனால் உள்ளேயே நெருப்பு பிடித்தால் உருகிவிடும். விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகப் பட்டறைக்குப் போகலாம். விட்டு விட்டு எரிந்தால் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள், கன்வர்ட்டர் அந்த நேரத்தில்தான் வெந்துகொண்டிருக்கிறது.

கம்பெனி ஷோரூமில் 41,000 சொன்னார்கள். இன்னொரு இடத்தில், உள்ளே இருப்பதை இடித்து எடுத்துவிட்டுக் காலி டப்பாவை மாட்டித் தருகிறேன், காசே வேண்டாம், பழையதை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். அந்தப் பூச்சுக்கு நல்ல விலை கிடைக்கும், அதனால்தான் காசு வேண்டாம் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் வண்டிக்குப் பின்னால் பைக்கில் குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு யாரோ தினமும் நிற்கிறார்கள், அந்தப் புகை நேராக அவர்கள் முகத்துக்குத்தான் போகும். பழைய வண்டி உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையிலும் ஒரு நாள் அலைந்தேன். அங்கே கையில் எடுத்த ஒரு பழைய கன்வர்ட்டரில் டார்ச் அடித்துப் பார்த்தால் மறுமுனை வட்டமாகப் பளிச்சென்று தெரிந்தது, உள்ளே தேன்கூடே இல்லை. கடைசியில் வெளிக் கம்பெனி புதுசு 14,500க்கு வாங்கினேன். வாங்கும்போது பிஎஸ் 4க்கு ஆனதா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

கழற்றுவதுதான் பாதி நாளைத் தின்றது. முந்தின நாள் ராத்திரியே நட்டுகளில் துரு இளக்கும் ஆயில் அடித்து வைத்தும் மூன்றில் ஒரு ஸ்டட் (நட்டு மாட்டும் மரைக் கம்பி) முறிந்தது, கேஸ் வைத்துச் சுட்டு எடுத்தார். வெல்டிங் வைப்பதற்கு முன்னால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கு ஆபத்து. டப்பாவின் மேல் இருக்கும் அம்புக்குறி புகை போகிற திசையைப் பார்க்க வேண்டும். கேஸ்கெட் புதுசு போடுங்கள். சாதாரண சிலிக்கான் பேஸ்ட்டைத் தடவ விடாதீர்கள், அதன் ஆவி ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுத்துவிடும். ஹீட் ஷீல்டு தகட்டைத் துருப்பிடித்தது என்று தூக்கிப்போடச் சொல்வார்கள், நான் திரும்ப மாட்ட வைத்தேன். காய்ந்த புல்லில் வண்டி நிறுத்தினால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

பழையதைப் பேப்பரில் கவிழ்த்துத் தட்டினோம். சாம்பல் நிறச் சில்லுகள் பொலபொலவென்று கொட்டின. ஒரு பக்கம் சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள் அப்படியே இருக்க, இன்னொரு பக்கம் பாகு முறுகி இறுகின மாதிரி ஒரே கட்டியாக மூடிக்கிடந்தது. மெக்கானிக் அதை விரலால் தட்டிக் காட்டி, "இது ஏற்காட்டுல ஆனது சார்" என்றார்.

புதுசு போடுவதற்கு முன்பே நாலு பிளக்கும் மாற்றி, மீதி மூன்று காயிலையும் சோதித்து, கம்ப்ரெஷனும் (சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று) பார்த்துவிட்டோம். ஆயில் குடிக்கிற இன்ஜின் என்றால் புதுக் கன்வர்ட்டரும் சீக்கிரம் போய்விடும். முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் லேசாகப் புகையும் ஒரு தீய்ந்த வாடையும் வந்தது, உள்ளே தேன்கூட்டைச் சுற்றி இருக்கும் பாய் மாதிரியான உறை சூடேறும்போது அப்படித்தான் இருக்கும், கால் மணி நேரத்தில் நின்றுவிட்டது. கூலி, கேஸ்கெட், பிளக் எல்லாம் சேர்த்து 21,300 ஆனது, வீணாகப் போன அந்தச் சென்சார் தனி.

மறுநாள் மதுராந்தகம் வரை போய் வந்து ஸ்கேனர் போட்டோம். முன் சென்சார் ஆடிக்கொண்டிருந்தது, பின் சென்சார் 0.68ல் அசையவில்லை. மாசு சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.05, ஹைட்ரோகார்பன் 42. டிக்கியில் இப்போது ஒரு காயிலும் பிளக் ஸ்பேனரும் இருக்கின்றன, மே மாசம் ஏற்காடு போகிறோம்.