ஆச்சிக்கு ரசஞ்சோறு மட்டும் போதாது

எழுபதைத் தாண்டியவர்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று திருநெல்வேலிப் பக்கம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான். காலையில் ரெண்டு இட்லி, மதியம் குழைந்த சோற்றில் ரசம், ராத்திரிக்குக் கஞ்சி. வயிற்றுக்கு லேசு, மெல்ல வேண்டியதில்லை, அவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்ளா, ரசத்தை ஊத்திப் பிசைஞ்சு தா, போதும்" என்று ஆச்சி சொல்லும்போது யாருக்கும் மறுத்துப் பேச மனசு வராது. அந்த ஒரு நாள் சாப்பாட்டை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தினமும் புரதம் வேண்டும். 50 கிலோ ஆச்சிக்கு 50 முதல் 60 கிராம். வயதானால் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. வயதான தசை, சாப்பிட்ட புரதத்தை முன்போல எளிதில் எடுத்துக்கொள்ளாது. மேலே சொன்ன சாப்பாட்டோடு காபியையும் பாலையும் சேர்த்தாலும், இட்லியும் சட்னியும் 5 கிராம், காபி 3, ரசஞ்சோறும் ஒரு கரண்டி காயும் 6, கஞ்சி 3, படுக்கும்போது அரை டம்ளர் பால் 3. மொத்தம் ஏறக்குறைய 20 கிராம்தான். மீதிக்கு உடம்பு தன் தசையையே கரைக்கிறது. கையை ஊன்றாமல் கட்டிலை விட்டு எழ முடியவில்லை, வளையல் முழங்கையை நோக்கி ஏறுகிறது, பல்செட் ஆடுகிறது. "வயசாயிட்டுல்லா" என்று விட்டுவிடாதீர்கள். மாதம் ஒரு முறை, ஒரே தராசில் எடை பாருங்கள். 6 மாதத்தில் 5 சதவீதம், அதாவது 50 கிலோவில் 2.5 கிலோ, தானாகக் குறைந்திருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தப் புரதக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அதற்காகத் தனிச் சமையல் தொடங்காதீர்கள். வீட்டுக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று என்று ரெண்டு அடுப்புச் சமையல் செய்தால், கவனிப்பவர் சீக்கிரமே ஓய்ந்துபோவார். பிறகு மறுபடியும் ரசஞ்சோறுதான். ஒரே பாத்திரத்தில் சமைத்து, காரமும் புளியும் சேர்வதற்கு முன் அவர்கள் பங்கை எடுத்துவைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இதற்கு நம் சொதியைப் போல வாகான குழம்பு வேறில்லை. நாலு பேருக்கு 120 கிராம் சிறுபருப்பைக் குழைய வேகவையுங்கள். ஒரு பெரிய தேங்காயில் மூன்று பால் எடுத்து, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காயை மூன்றாம் பாலில் வேகவிடுங்கள். காய் விரலால் அழுத்தினால் நசுங்கும் பதம் வந்ததும், இஞ்சி பச்சைமிளகாய்ச் சாறு விடுவதற்கு முன்பே, ரெண்டு கரண்டி காயும் வெந்த பருப்பில் கால் பங்கும் எடுத்துத் தனியே மசித்துவிடுங்கள். முருங்கைக்காயை அப்படியே போடக் கூடாது, உள்சதையை மட்டும் வழித்துச் சேர்க்க வேண்டும். ஒரு நார் தொண்டையில் நின்றால் போதும், அன்றைக்குச் சாப்பாடே வேண்டாமென்று ஆகிவிடும். பிறகு உங்கள் பாத்திரத்தில் மீதிப் பருப்பையும் சாற்றையும் ரெண்டாம் பாலையும் விட்டுக் கொதிக்கவிட்டு, கடைசியில் முதல் பாலைச் சேர்த்து, சூடேறியதும் இறக்குங்கள். முதல் பால் கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சம்பழச் சாறு அடுப்பை அணைத்த பிறகுதான். பெரியவர் பங்கிலும் முதல் பால் ரெண்டு ஸ்பூன் கலந்து சூடாக்குங்கள். நாலு வாய்க்கு மேல் சாப்பிடாதவருக்கு, அந்த நாலு வாயிலேயே தெம்பு போய்ச் சேரும். இதய நோயோ கொழுப்போ இருந்தால் தேங்காய்ப் பால் சொதி எப்போதாவது போதும், மற்ற நாட்களில் அதே பருப்பில் கூட்டு வையுங்கள்.

இன்னொன்று உளுந்து. 400 கிராம் கறுப்பு உளுந்து, 100 கிராம் புழுங்கலரிசி, ரெண்டையும் தனித்தனியே இளந்தீயில் மணம் வரும்வரை வறுத்து, நைஸாக அரைத்துச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு 25 கிராம் மாவு. முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும், வெந்நீரில் கொட்டினால் கட்டி தட்டும். கைவிடாமல் கிண்டி 10 நிமிடமாவது வேகவிடுங்கள். அரைவேக்காட்டு உளுந்துதான் வயிற்றை ஊதவைக்கிறது, பழியை உளுந்தின் மேல் போடுகிறோம். இறக்கும்போது 150 மில்லி காய்ச்சிய பால். 10 கிராம் புரதம் ஒரே கிண்ணத்தில். சர்க்கரை நோய் இல்லாதவருக்குக் கருப்பட்டி சேர்க்கலாம். உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் அது ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். சர்க்கரை உள்ளவருக்கு ரெண்டு பல் பூண்டைப் பாலில் வேகவைத்து மசித்து, சீரகம் போட்டுக் கொடுங்கள்.

இப்படி ஒரு நாள்: காலையில் ரெண்டு இட்லியை ரெண்டு கரண்டி கெட்டிச் சாம்பாரில் ஊறவைத்தால் 9 கிராம். 11 மணிக்கு உளுந்தங்கஞ்சி 10. மதியம் சோறு, சொதிப் பருப்பு, ஒரு கிண்ணம் தயிர் 14. மாலையில் பாலில் ரெண்டு ஸ்பூன் பொரிகடலை மாவு 9. இரவு மெத்தென்ற ஒரு முட்டைத் தோசை 10. 52 ஆகிவிட்டது. மீன் சாப்பிடும் வீட்டில் முள் நீக்கிய விளமீனோ சீலாவோ 60 கிராம் வைத்தால் இன்னும் 11 கூடும். பசி காலையில்தான் நன்றாக இருக்கும் என்றால், கனமானதைக் காலைக்கும் 11 மணிக்கும் மாற்றுங்கள். ராத்திரியில் கட்டாயப்படுத்திப் பயனில்லை.

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் விஷயம் வேறு. பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் வந்தவர்களில் இது அதிகம். சாப்பிடும்போது இருமல், விழுங்கிய பின் குரல் ஈரமாக ஒலிப்பது, கன்னத்தில் சோறு ஒதுங்குவது, அடிக்கடி நெஞ்சுச் சளி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணிக்கு மேல் ஆவது, இவைதான் அடையாளம். சிலருக்கு இருமலே வராமல் சாப்பாடு நுரையீரலுக்குள் போகும். இவர்களுக்கு ரசஞ்சோறுதான் ஆபத்து. வாய்க்குள் போனதும் ரசம் தனியே முந்தி ஓடும், பருக்கை பின்தங்கும். ரெண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்கத் தொண்டைக்கு முடியாமல் புரையேறும். சோறும் குழம்பும் ஒன்றாக மசிந்து ஒரே பதமாக இருக்க வேண்டும். ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் முழுசாக ஒரே கட்டியாக நழுவி விழ வேண்டும், தண்ணீர் பிரிந்து ஓடக் கூடாது, ஸ்பூனில் ஒட்டிக்கொள்ளவும் கூடாது. புட்டு உதிரும், பொடி தொட்ட இட்லி மேலண்ணத்தில் ஒட்டும், அல்வா வழுக்கிக்கொண்டு போய் அடைக்கும். இந்த மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுத்து, சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். எந்தப் பதம் சரி என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்வார். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கேட்டால் அனுப்பிவைப்பார்.

உப்பு நாளுக்கு ஒரு சமமட்ட டீஸ்பூன், 5 கிராம்தான். குழம்பில் குறைத்துவிட்டுக் கல்லிடைக்குறிச்சி அப்பளத்தையும் ஊறுகாயையும் பக்கத்தில் வைத்தால் கணக்கு போச்சு. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் கிடைப்பதில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரக நோயாளிக்கும் சில பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுபவருக்கும் அது கெடுதல், கேட்காமல் வாங்காதீர்கள்.

சாப்பாட்டு நேரத்தை மாத்திரைச் சீட்டைப் பார்த்துத்தான் வகுக்க வேண்டும். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். கால்சியம், இரும்பு மாத்திரைகள் அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளி. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்குக் கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் ஒரு வாரம் முருங்கைக்கீரை தினமும், மறு வாரம் ஒன்றுமே இல்லை என்று ஏற்றி இறக்கினால் மருந்தின் அளவு தப்பிப்போகும்.

கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் முருகனை நினைத்து ஆறு நாளும் பட்டினி இருக்கும் ஆச்சிகள் நிறைய. விரதத்தைத் தடுக்கப் பார்க்காதீர்கள். அதற்கு முந்தின வாரமே டாக்டரைப் பார்த்து மாத்திரையை மாற்றி எழுதி வாங்குங்கள், பால், மோர், பழம் எடுத்துக்கொள்ள ஆச்சியைச் சம்மதிக்கவையுங்கள். வியர்வை, நடுக்கம், உளறல் தெரிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் பாருங்கள். மாறவில்லையென்றால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் சாப்பிடவையுங்கள், ஏனென்றால் இந்த மாத்திரையில் சர்க்கரை திரும்பவும் இறங்கலாம். அன்றைக்கே டாக்டரிடமும் சொல்லுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.