பதிவேட்டில் காலியாகக் கிடந்த கட்டங்கள்

முதுநிலைப் பட்டம் கைக்கு வந்த அன்றே, பேத்தி ஆர்க்கிடெக்ட் ஆகிவிட்டாள் என்று ஆயா டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஆகவில்லை. தென்னாப்பிரிக்காவில் கட்டடக்கலைத் தொழிலுக்கான சாகாப் கவுன்சிலில் பதிவாகாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. 2000ஆம் ஆண்டுச் சட்டம். ஐந்து வருடம் படித்த பிறகும் நான் வெறும் கேண்டிடேட். குறைந்தது இரண்டு வருடம் ஒரு மென்டரின் கீழ் வேலை, மாதாமாதம் பதிவேடு, அதில் அவர் கையெழுத்து, அப்புறம் தொழில் நடைமுறைத் தேர்வு.

பதிவேட்டில் வேலையை ஆறு கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். முதல் அலுவலகத்தில் ஒன்பது மாதமும் கம்ப்யூட்டரில் வரைபடம்தான். வரைபடம் சேரும் நான்காம் கட்டம் நிரம்பி வழிந்தது. கட்டுமானமான ஐந்தும், கணக்கு முடிக்கும் ஆறும் காலி. சைட்டுக்குப் போகிறேன் என்றால், “உன் கை வேகம், இங்கேயே இரு” என்பார்கள். பாராட்டு என்று நினைத்து இருந்துவிட்டேன். என் முட்டாள்தனம்தான்.

அடுத்து ஒரு சின்ன அலுவலகம். அங்கே மென்டராக இருந்த அக்கா, “இந்த மாதம் நீ எதைத் தீர்மானித்தாய்?” என்று கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டார். இரண்டாவது வாரமே ஒரு மாடி வீட்டு வேலைக்கு அனுப்பினார்.

படிக்கட்டு நான் வரைந்தது. 2800 மில்லிமீட்டர் உயரம், 16 படி, ஒவ்வொன்றும் 175. ஷட்டரிங் பலகை அடித்தாகிவிட்டது, மறுநாள் கான்கிரீட். மேஸ்திரி அங்கிள் டேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “டைல் எங்கேம்மா?”

அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கீழ்த்தளம், மேல்தளம் இரண்டிலும் பூச்சும் டைலும் சேர்த்து 50 ஏறும். படியில் டைல் மட்டும், 10. அப்படியே ஊற்றியிருந்தால் கீழ்ப்படி 135, மேல்படி 215. விதிப்படி ஒரு படி 200ஐத் தாண்டக்கூடாது, படிக்குப் படி 6 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசமும் கூடாது. பலகையிலேயே பென்சிலால் கணக்குப் போட்டு, எல்லாப் படியையும் 40 உயர்த்தச் சொன்னேன். அங்கிள் ஒன்றும் சொல்லவில்லை, சுத்தியலை எடுத்தார்.

ஒப்பந்ததாரருக்கு எவ்வளவு பணம் தரவேண்டும் என்ற சான்றிதழ் எழுதுவதையும் அந்த வீட்டில்தான் கற்றேன். தேர்வு எழுதித் தேறியது இன்னும் ஒன்றரை வருடம் கழித்து. ஆனால் படிகளை உயர்த்தச் சொன்ன அன்று மாலை ஐந்தாம் கட்டத்தில் நான் எழுதிய முதல் வரி இது: படிக்கட்டு, நான்கு மணி நேரம். அக்கா படித்துவிட்டு, “யார் தப்பு என்று எழுதவில்லையே?” என்றார். எழுதினேன்.