வாடகை சர்வர், சொந்தப் பெயர்

சில ஆண்டுகளுக்கு முன், நான் வலைத்தளத்தைப் பராமரித்து வந்த ஒரு சிறு நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து காலையில் ஓர் அழைப்பு வந்தது. முந்தைய நாள் மாலை அனுப்பிய இன்வாய்ஸ்களில் பெரும்பாலானவை வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றார்கள். வலைத்தளம் வழக்கம்போல் திறந்தது, சர்வரில் கோளாறு எதுவும் தென்படவில்லை, பாஸ்வேர்டுகளும் மாறவில்லை. திரும்பி வந்திருந்த மின்னஞ்சல்களில் ஒன்றைத் திறந்தபோதுதான் காரணம் புரிந்தது. 550 என்ற எண்ணோடு தொடங்கிய அந்த மறுப்புச் செய்தி, அனுப்பும் சர்வரின் ஐபி முகவரி (இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண்) தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டிருப்பதாகத் தெரிவித்தது. விசாரித்ததில், அதற்கு இரண்டு நாட்கள் முன்பு விற்பனைப் பிரிவினர், பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த எல்லா முகவரிகளுக்கும் ஒரு புதிய பொருளின் அறிவிப்பை, அலுவலகத்தின் அன்றாட மின்னஞ்சல் கணக்கிலிருந்தே அனுப்பியிருந்தார்கள்.

அவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. கையில் முகவரிகள் இருக்கின்றன, அனுப்பக் கணக்கும் இருக்கிறது என்றால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். அந்த நிறுவனம் ஷேர்டு ஹோஸ்டிங் திட்டத்தில் இருந்தது. அதாவது ஒரே சர்வரில் பல வலைத்தளங்கள் குடியிருக்க, அந்தச் சர்வரே அத்தனை பேருடைய மின்னஞ்சலையும் ஒரே ஐபி முகவரியிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தது. பழைய பட்டியலில் கணிசமான முகவரிகள் எப்போதோ மூடப்பட்டவை. உயிரோடிருந்த முகவரிகளில் சிலர், இந்த நிறுவனத்தை மறந்துபோய், வந்த மடலை ஸ்பேம் என்று குறித்துவிட்டார்கள். ஐபி முகவரியின் மீதான தடை சில நாட்களில் நீங்கியது. ஆனால் டொமைன் பெயரின் மீது, அதாவது நிறுவனத்தின் வலைத்தள முகவரியிலும் மின்னஞ்சல் முகவரிகளிலும் வரும் பெயரின் மீது, பெரிய மின்னஞ்சல் சேவைகளுக்கு ஏற்பட்ட ஐயம் தெளிய வாரக்கணக்கில் ஆயிற்று. அதுவரை இன்வாய்ஸ்களை அனுப்பிவிட்டு, ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, ஸ்பேம் பெட்டியைப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த நிகழ்வுக்குப் பிறகு நான் இந்த வேலையைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. ஹோஸ்டிங்கை ஒருவர் வாங்குகிறார், மின்னஞ்சல் விளம்பரச் சேவையை இன்னொருவர் வாங்குகிறார், இரண்டும் ஒரே டொமைன் பெயரின் மீது நிற்கின்றன என்பதை இருவருமே நினைத்துப் பார்ப்பதில்லை. சர்வரும் சரி, மடல் அனுப்பும் சேவையும் சரி, வாடகைக்கு எடுப்பவை. ஒரு நிறுவனம் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை மூன்று: டொமைன் பெயர், வலைத்தளத்தின் முழுப் பிரதி, மடல் பெறச் சம்மதித்தவர்களின் பட்டியல். எந்தச் சேவையை யார் பரிந்துரைத்தாலும், இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே வெளியேற முடியுமா என்பதைத்தான் நான் முதலில் கேட்கிறேன். வேகம், வசதி, விலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

டொமைன் பெயரில் நேரும் இழப்புகள் பெரும்பாலும் தொழில்நுட்பக் கோளாறால் நேர்வதில்லை. வலைத்தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவரே தன் கணக்கில், தன் பெயரில் அதைப் பதிவு செய்திருப்பார்; ஐந்து ஆண்டுகள் கழித்து அவரைத் தொடர்புகொள்ள முடியாமல் போகும்போதுதான், தங்கள் பெயர் தங்களுடையதாக இல்லை என்பது நிறுவனத்துக்குத் தெரியவரும். பதிவுக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். அதன் தொடர்பு மின்னஞ்சல் வேறொரு டொமைனில் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. டாட் காம் போன்ற பொதுவான டொமைன்களுக்கு, காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், காலாவதியான பின் ஐந்து நாட்களுக்குள் ஒரு முறையும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் விதி. ஆனால் டொமைன் காலாவதியாகி முடக்கப்பட்டவுடன் அதன் மின்னஞ்சலும் நின்றுவிடும் என்பதால், நிறுவனத்தின் முகவரியையே தொடர்புக்குக் கொடுத்திருந்தால் கடைசி நினைவூட்டல் எங்கும் போய்ச் சேராது. பதிவு நீக்கப்பட்ட பின்பும் 30 நாட்கள் மீட்புக் காலம் உண்டு என்றாலும், அதற்கான கட்டணம் வழக்கமான புதுப்பித்தல் கட்டணத்தைவிடப் பல மடங்கு இருக்கக்கூடும். ஒரே தடவையில் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்ய முடியும் என்பதால், நிலைத்து நடக்கும் தொழில்களுக்கு நான் நீண்ட காலப் பதிவையே சொல்கிறேன்.

ஹோஸ்டிங் வகைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிறுவனத்தைப் பற்றிய தகவல்களும் தொடர்புப் படிவமும் மட்டுமே உள்ள தளத்துக்கு ஷேர்டு ஹோஸ்டிங் போதும். ஆன்லைன் விற்பனை நடந்தால் விபிஎஸ் எனப்படும் தனிப்பங்கு சர்வர், அதாவது ஒரு பெரிய சர்வரில் நமக்கென்று பிரித்து ஒதுக்கப்பட்ட பங்கு, தேவைப்படும். அதைப் பராமரிக்கத் தெரிந்தவர் நிறுவனத்தில் இல்லையென்றால், பராமரிப்பையும் சேர்த்துத் தரும் திட்டத்தை எடுப்பதுதான் நல்லது, ஏனெனில் புதுப்பிக்கப்படாத மென்பொருளோடு ஓடும் தனி சர்வர், நன்றாகப் பராமரிக்கப்படும் ஷேர்டு ஹோஸ்டிங்கைவிட ஆபத்தானது. அளவற்ற இடம் என்று எழுதியிருக்கும் திட்டங்களில் பல, கோப்புகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பைத் தங்கள் விதிமுறைகளில் வைத்திருக்கின்றன. பழைய மின்னஞ்சல்கள் ஒவ்வொன்றும் ஒரு கோப்பு என்பதால், அந்த வரம்பை வலைத்தளத்தைவிட அஞ்சல் பெட்டிகளே முதலில் எட்டிவிடுகின்றன.

99.9 சதவீதம் இயங்கும் என்ற உறுதிமொழியையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம், அதில் 0.1 சதவீதம் என்றால் ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம் தளம் நின்றிருந்தாலும் உறுதிமொழி காப்பாற்றப்பட்டதாகவே கொள்ளப்படும். முன்கூட்டியே அறிவித்த பராமரிப்பு நேரத்தைப் பலர் இதில் சேர்ப்பதும் இல்லை. உறுதிமொழி மீறப்பட்டால் கிடைப்பது பொதுவாக ஹோஸ்டிங் கட்டணத்தில் ஒரு சிறு கழிவு. அந்த நேரத்தில் நின்றுபோன வியாபாரத்துக்கு யாரும் ஈடு கொடுப்பதில்லை.

ஆனால் தளம் நிற்பதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது பேக்கப். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பிடித்து, ஒரு கட்டடம் முழுவதும் எரிந்துபோனது. சர்வர் எரிந்தவர்களில், பிரதியை வேறு ஊரில் வைத்திருந்தவர்கள் புதிய சர்வரில் தளத்தை எழுப்பிக்கொண்டார்கள். பிரதியும் அதே வளாகத்தில் இருந்தவர்களில் சிலருக்குத் தரவு திரும்பக் கிடைக்கவே இல்லை. ஹோஸ்டிங் நிறுவனம் தினமும் பேக்கப் எடுக்கிறது என்று யாராவது நிம்மதியாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தத் தீ நினைவுக்கு வருகிறது. பிரதி வேறொரு நிறுவனத்திடம், வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். அதோடு, ஆண்டில் இரண்டு முறையாவது அந்தப் பிரதியிலிருந்து ஒரு சோதனைத் தளத்தை எழுப்பிப் பார்க்க வேண்டும். கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்க, தரவுத்தளம் மட்டும் மாதக்கணக்கில் பிரதி எடுக்கப்படாமலே இருந்த ஒரு தளத்தை நான் கண்டிருக்கிறேன். அன்று அது சோதனை என்பதால் தப்பித்தோம்.

இனி மின்னஞ்சல். மடலை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புநர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. உறையின் பின்புறத்தில் யாருடைய பெயரையும் எழுதி அஞ்சல் பெட்டியில் போடலாம் என்ற நிலைதான். வேண்டாத விளம்பரம் அதற்கும் முந்தையது. 1978 மே மாதத்தில், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில், ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனை அலுவலர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியதைத்தான் முதல் ஸ்பேம் என்று சொல்கிறார்கள். சரிபார்க்கும் ஏற்பாடுகள் பின்னாளில், ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன. இந்த டொமைனின் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மடல் அனுப்பலாம் என்று, டொமைன் பெயர்களுக்கான பொது முகவரிப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் அறிவிப்பது எஸ்பிஎஃப். மடலின் மீது டிஜிட்டல் முத்திரை இட்டு, வழியில் யாரும் மாற்றவில்லை என்று காட்டுவது டிகிம். வாசகர் கண்ணில் படும் அனுப்புநர் முகவரியோடு இவற்றில் ஒன்றாவது பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாத மடலை என்ன செய்ய வேண்டும் என்று டொமைன் உரிமையாளரே சொல்லிவைப்பது டிமார்க்.

இவை விருப்பத்துக்கு விடப்பட்டிருந்த காலம் முடிந்துவிட்டது. 2024 பிப்ரவரி முதல், ஒரே நாளில் 5,000 அல்லது அதற்கு மேற்பட்ட மடல்களை ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் இந்த மூன்றையும் அமைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்தது; யாஹூவும் மொத்த மடல் அனுப்புவோருக்கு அதே போன்ற விதிகளைக் கொண்டுவந்தது. விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி இருக்க வேண்டும்; விலகக் கேட்டவரை இரண்டு நாட்களுக்குள் நீக்க வேண்டும்; ஸ்பேம் என்று குறிக்கப்படும் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது, இயன்றவரை 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஆயிரம் மடல்களில் மூன்று பேர் எரிச்சலடைந்தால் போதும், அந்த எல்லை வந்துவிடுகிறது. சிறு நிறுவனங்கள் 5,000 என்ற எண்ணைப் பார்த்து இது தங்களுக்கில்லை என்று ஒதுங்குகின்றன. ஆனால் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் எல்லோருக்கும் கட்டாயம் என்று அந்த விதிகளிலேயே இருக்கிறது.

அமைக்கும்போது நேரும் ஒரு தவறை மட்டும் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அலுவலக மின்னஞ்சலுக்கு ஒரு சேவை, விளம்பர மடலுக்கு இன்னொன்று, இன்வாய்ஸ் அனுப்பும் மென்பொருள் மூன்றாவது என்று ஒவ்வொருவரும் தங்கள் பெயரை எஸ்பிஎஃப் பதிவில் சேர்க்கச் சொல்வார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். அதைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் தேவைப்பட்டால் பதிவு முழுவதும் செல்லாததாகக் கருதப்படும். இதை அறியாமல் இரண்டாவது பதிவைப் புதிதாகச் சேர்த்துவிட்டு, நேற்று வரை சரியாகப் போன மடல்கள் ஏன் தடுக்கப்படுகின்றன என்று தேடிக்கொண்டிருப்பார்கள். விளம்பர மடல்களுக்குத் தனியாக ஒரு துணை டொமைனை (டொமைன் பெயருக்கு முன் ஒரு சொல்லைச் சேர்த்து உருவாக்கும் பெயரை) ஒதுக்கினால் இந்தச் சிக்கலும் குறையும். விளம்பரத்தால் வரும் கெட்ட பெயர் இன்வாய்ஸ்களையும் கடவுச்சொல் மீட்பு மடல்களையும் பாதிப்பதும் வெகுவாகக் குறையும். நான் முதலில் சொன்ன நிறுவனத்துக்கு அன்றே இதைச் செய்து கொடுத்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

எல்லாப் பதிவுகளும் சரியாக இருந்தாலும் பட்டியல் சரியில்லையென்றால் பயனில்லை. விலைக்கு விற்கப்படும் முகவரிப் பட்டியல்களை வாங்க வேண்டாம் என்று நான் மன்றாடியே கேட்டிருக்கிறேன். அவற்றில் ஸ்பேம் அனுப்புவோரைப் பிடிப்பதற்காகவே வைக்கப்பட்ட பொறி முகவரிகளும் கலந்திருக்கும். எந்த மனிதரும் பயன்படுத்தாத அந்த முகவரிக்கு மடல் வந்தால், சம்மதம் பெறாமல் சேர்த்த பட்டியல் என்பதற்கு அதுவே சான்றாகிவிடும். முகவரி கொடுத்தவருக்கு உறுதிப்படுத்தும் மடல் ஒன்றை அனுப்பி, அவர் அதைச் சொடுக்கிய பிறகே பட்டியலில் சேர்ப்பது மெதுவான வழிதான். பட்டியல் சிறியதாகவே இருக்கும். ஆனால் அதில் இருப்பவர்கள் கேட்டு வந்தவர்கள், அவர்கள் எந்த நாளில் கேட்டார்கள் என்பதற்குப் பதிவும் இருக்கும்.

மடலை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை மட்டும் நம்பிப் பட்டியலை மதிப்பிடுவதை நான் விட்டுவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படம் ஏற்றப்படுவதை வைத்துத்தான் அந்த எண் கணக்கிடப்படுகிறது. 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, பெறுநர் மடலைத் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே ஏற்றிவிடுகிறது. சொடுக்கியவர்கள், பதில் எழுதியவர்கள், வாங்கியவர்கள் ஆகிய எண்களைத்தான் இப்போது பார்க்கிறேன்.

ஒரு சேவையை விட்டு வேறொன்றுக்கு மாறும்போது, பட்டியலைத் தரவிறக்கிப் புதிய இடத்தில் ஏற்றுவது சில நிமிட வேலை. அந்த அவசரத்தில், விலகியவர்களின் பட்டியலைக் கொண்டுபோக மறந்துவிடுகிறார்கள். பிறகு எப்போதாவது பழைய வாடிக்கையாளர் கோப்பு ஒன்றைப் புதிய சேவையில் ஏற்றும்போது, வேண்டாம் என்று சொல்லிப் போனவர்களுக்கெல்லாம் மீண்டும் மடல் போகிறது. ஸ்பேம் என்று முதலில் குறிப்பவர்களும் அவர்களே. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் விலகல் கோரிக்கையை 10 வேலை நாட்களுக்குள் நிறைவேற்றச் சொல்கிறது. சேவை மாறியது என்பது அதை மீற ஒரு காரணமாகாது. அந்தச் சிறு நிறுவனத்துக்காக நான் மாதந்தோறும் எடுத்துவைக்கும் பிரதியில் இப்போது நான்கு கோப்புகள் இருக்கின்றன: வலைத்தளம், தரவுத்தளம், சம்மதித்தவர்களின் பட்டியல், விலகியவர்களின் பட்டியல். நான்காவது கோப்பு முழுவதும் வந்திருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகுதான் மற்ற மூன்றையும் பார்க்கிறேன்.