மளிகைக் கடைக்கு ஒரு பில்லிங் மென்பொருள்

புதிய மென்பொருள் ஒன்றை முதல் வரியிலிருந்து எழுதும் வாய்ப்பு ஒரு பொறியாளருக்கு அடிக்கடி அமைவதில்லை. பெரும்பாலான ஆண்டுகள் யாரோ எழுதிவைத்துவிட்டுப் போன நிரலைத் திருத்துவதிலேயே கழிந்துவிடும். எனவே நடுத்தர மளிகைக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை எங்கள் சிறு குழு 2021-இல் கையில் எடுத்தபோது, எந்த நிரல்மொழி, எந்தத் தரவுத்தளம் என்பதைப் பற்றித்தான் ஆர்வமாகப் பேசினோம். அந்தப் பேச்சு விரைவில் ஓய்ந்துவிட்டது. கடைக்குள் முழுமையான ஒரு கணக்குமுறை முன்பே இருக்கிறது, அது முதலாளியின் நினைவிலும் பற்று வரவு நோட்டிலும் கல்லாவில் நிற்பவரின் கைப்பழக்கத்திலுமாகப் பரவிக் கிடக்கிறது, அதைக் குலைக்காமல் கணினிக்குள் கொண்டுவர வேண்டும் என்பதுதான் பிறகு நெடுங்காலம் எங்களை வேலை வாங்கியது.

எடையை உள்ளிட்டால் தொகை வரும் என்பது எல்லா பில்லிங் மென்பொருளிலும் உள்ள ஏற்பாடு. மளிகைக் கடையிலோ பாதிப் பேர் ‘இருபது ரூபாய்க்குக் கடுகு’ என்றுதான் கேட்கிறார்கள். கடுகு கிலோ 120 ரூபாய் என்றால் இருபது ரூபாய்க்கு 166.67 கிராம் வரும். அதை 167 கிராம் என்று முழுமையாக்கி மீண்டும் விலையால் பெருக்கினால் 20 ரூபாய் 4 காசு ஆகிவிடுகிறது. வாடிக்கையாளர் இருபது ரூபாய் என்று கேட்டு வாங்கிய பொருளுக்கு ரசீதில் நான்கு காசு கூடுதலாக நின்றால் அந்த ரசீதை யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு வரியிலும் கடைக்காரர் உள்ளிட்டது எடையா தொகையா என்பதையும் சேர்த்தே பதிவு செய்தோம்; அவர் உள்ளிட்டது அப்படியே நிற்கும், மற்றது அதிலிருந்து கணக்கிடப்படும். தொகையைக் காசாகவும் எடையைக் கிராமாகவும் முழு எண்களிலேயே சேமித்தோம். 0.1 போன்ற எளிய பின்னத்தைக்கூட கணினி பயன்படுத்தும் இரும எண்முறையில் (0, 1 மட்டுமே கொண்டு எண்களை எழுதும் முறையில்) துல்லியமாக எழுத முடியாது என்பது எல்லோரும் கல்லூரியில் படித்ததுதான். மாலையில் கல்லாவை எண்ணும்போது அந்தப் பாடம் ரூபாய்க் கணக்கில் வந்து நிற்கும்.

திரை வடிவமைப்பில் எங்களுக்கு வழிகாட்டியவர், தொடக்கத்திலிருந்தே தம் கடையில் எங்களை உட்கார அனுமதித்த ஓர் அண்ணாச்சி. “தம்பி, கூட்ட நேரத்துல நான் திரையப் பாக்க மாட்டேன், ஆள் முகத்தத்தான் பாப்பேன்” என்று அவர் சொன்ன பிறகு, மவுஸ் தேவைப்படும் எந்த வேலையையும் பில் போடும் திரையில் நாங்கள் அனுமதிக்கவில்லை. பொட்டலப் பொருள்களுக்குப் பார்கோடு இருக்கிறது. சில்லறையாக நிறுத்துத் தரும் பருப்புக்கும் சர்க்கரைக்கும் இல்லை. அவற்றுக்கு ஓரிரு இலக்கக் குறியீடுகள் தந்தோம். கடைப் பையன்கள் அவற்றை மனப்பாடம் செய்த வேகம் எங்களையே வியக்க வைத்தது. பில் பாதியில் இருக்கும்போது ‘தேங்காய் எண்ணெய் மறந்துட்டேன்’ என்று ஒருவர் உள்ளே திரும்பிப் போவது அன்றாடம் நடப்பது. அந்தப் பில்லை நிறுத்திவைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிப்பதற்கு ஒரே ஒரு விசை ஒதுக்கினோம். இன்றுவரை அதிகம் அழுத்தப்படும் விசைகளில் அதுவும் ஒன்று.

பற்றுக் கணக்கில் வாடிக்கையாளரின் கைபேசி எண்ணைக் கட்டாயமாக்க வேண்டும் என்று எங்களுக்குள்ளேயே ஒரு தரப்பு வாதிட்டது. நோட்டில் இருந்த பெயர்களோ ‘மாடி வீட்டு அக்கா’, ‘மெஸ்காரர்’ என்ற வகை. எண் இல்லாமலேயே அந்தக் கணக்குகள் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக நடந்து வந்திருக்கின்றன. எனவே எண் விருப்பத் தேர்வாகவே இருந்துவிட்டது.

ரசீதில் பொருளின் பெயர் தமிழில் வர வேண்டும் என்பதில் கடைக்காரர்கள் உறுதியாக இருந்தார்கள். நாங்கள் கையாண்ட தெர்மல் அச்சுப்பொறி எதிலும் தமிழ் எழுத்துரு கிடையாது. ஆங்கில எழுத்துகளை அனுப்பினால் தானே அச்சிடும், தமிழை மட்டும் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். 80 மில்லிமீட்டர் தாளில் ஒரு வரிக்குப் பொதுவாக 576 புள்ளிகள், 58 மில்லிமீட்டர் தாளில் 384. முழு ரசீதையும் ஒவ்வொரு முறையும் புதிதாக வரைந்து அனுப்பினால் மலிவான அச்சுப்பொறிகள் திணறி நின்று நின்று அச்சிட்டன. ஒவ்வொரு பொருளின் பெயரையும் ஒரே ஒருமுறை வரைந்து சேமித்துக்கொண்டு, எண்களை மட்டும் அச்சுப்பொறியின் சொந்த எழுத்துருவில் விட்ட பிறகுதான் வேகம் கூடியது. பார்வைக்கு இரண்டும் முழுமையாகப் பொருந்துவதில்லை என்று எங்கள் வடிவமைப்பாளருக்கு இன்னும் குறை உண்டு; வரிசையில் நிற்பவர்களுக்கு அப்படி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

வரிதான் இருப்பதிலேயே சிக்கலான பகுதி. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, பதிவுபெற்ற வணிகப் பெயருடன் பொட்டலமாக வரும் அரிசிக்கு 5 சதவீதம், மற்ற அரிசிக்கு வரி இல்லை என்பதாக விதி அமைந்தது. அதாவது, பொருள் ஒன்றாகவே இருந்தாலும் அது எந்த உருவில் விற்பனைக்கு வருகிறது என்பதே வரியை முடிவுசெய்கிறது. எனவே வரி விகிதத்தைப் பொருளோடு பிணைக்காமல் பொட்டலத்தோடு பிணைத்தோம். ஒவ்வொரு விகிதத்துக்கும் அது நடைமுறைக்கு வரும் தேதியையும் சேர்த்தோம். பழைய பில்லுக்குரிய பொருள் திரும்பி வந்தால், அது விற்ற நாளின் விகிதத்தில்தான் கழிக்கப்பட வேண்டும் அல்லவா? தேவைக்கு மீறிய வேலை என்று அப்போது சிலருக்குத் தோன்றியது.

வெளியீட்டு நாளைத் தேர்ந்தெடுப்பதில் கடைக்காரர்களின் நாட்காட்டிதான் வென்றது. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் எவரும் புதிய கருவியைத் தொடமாட்டார்கள், ஆடியில் எதையும் தொடங்கமாட்டார்கள். 2022 வைகாசியில் முதல் சில கடைகளில் நிறுவினோம். கொஞ்ச காலம் பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்தே நடந்தன. இரவு கடை அடைக்கும் நேரத்தில் இரண்டின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகிறதா என்று அண்ணாச்சியே சரிபார்ப்பார். மின்சாரம் போனால் பாதிப் பில் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு வரியும் உள்ளிட்ட உடனேயே வட்டில் எழுதப்பட்டது. இணையம் இல்லாமலும் இரு கல்லாக்களும் இயங்க வேண்டியிருந்ததால், இரண்டுக்கும் தனித்தனி ரசீது எண் வரிசை கொடுத்தோம்.

ஆடி பிறந்த கையோடு, ஜூலை 18 அன்று, அரிசி பருப்பு வரி விதி மாறியது. வணிகப் பெயர் என்ற அளவுகோல் போய், முன்கூட்டியே பொட்டலமிட்டு விவரம் அச்சிட்ட, 25 கிலோ வரையிலான பொட்டலங்களுக்கு 5 சதவீதம் என்றானது. வேடிக்கை என்னவென்றால், விரைவிலேயே 26 கிலோ மூட்டைகள் சந்தைக்கு வந்துவிட்டன. எங்கள் மென்பொருளில் அது இன்னொரு பொட்டலம், இன்னொரு விகிதம், அவ்வளவே; நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆடியில் எதையும் தொடங்காத கடைக்காரர்கள் சிலர் அந்த ஆண்டு ஆடியிலேயே எங்களைக் கூப்பிட்டார்கள்.

2025 செப்டம்பர் 22 அன்று நெய் 12 சதவீதத்திலிருந்தும் சோப்பும் பற்பசையும் 18 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதத்துக்கு இறங்கியபோதும் விகித அட்டவணை சிரமமின்றி மாறியது. கடைகளிலிருந்து வந்த அழைப்புகள் வேறொன்றைப் பற்றியவை. பழைய எம்ஆர்பி அச்சிட்ட சோப்பும் புதிய எம்ஆர்பி அச்சிட்ட சோப்பும் ஒரே அலமாரியில் ஒரே பார்கோடுடன் இருந்தன. ஸ்கேன் செய்தால் எந்த விலை என்று திரை கேட்கிறது, கல்லாவில் இருப்பவர் சோப்பைத் திருப்பிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார், வரிசை நகர்வது தாமதமாகிறது. கடைசியாக வந்த கொள்முதலின் விலையை முதலில் காட்டுவது ஓரளவுக்குத்தான் உதவுகிறது. பழைய இருப்பை முன்வரிசையில் அடுக்கும் கடைகளில் அதுவும் எடுபடுவதில்லை. இப்போது அந்தந்தக் கடையில் அண்மையில் தேர்ந்தெடுத்த விலையை முதலில் காட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.