ஐலா தீவும் அண்ணியின் மூக்கும்

11 செப்டம்பர் 2025, வியாழன்
கென்னக்ரெய்க் படகுத்துறை

விடிவதற்குள் கிளாஸ்கோவை விட்டுக் கிளம்பியாயிற்று. மூன்று மணி நேரம் ஏரியும் மலையுமாக வளைந்து வளைந்து வந்து, இப்போது ஸ்காட்லாந்தின் விஸ்கித் தீவான ஐலாவுக்குப் போகும் படகுக்கு வரிசையில் நிற்கிறோம். கார் அண்ணியுடையது, ஓட்டுவதும் அவரே. சொந்த அண்ணன் அண்ணி இல்லை. இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எனக்குச் சோறு போட்ட பக்கத்து வீடு. அண்ணன் ஆம்பூர்க்காரர். எந்த விஸ்கியானாலும் சோடா ஊற்றித்தான் குடிப்பார். அண்ணி தொடவே மாட்டார். அதனால்தான் இந்தப் பயணமே நடக்கிறது: 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் ஓட்டுநரின் 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி.க்கு மேல் சாராயம் இருக்கக் கூடாது. இங்கிலாந்தில் அது 80. ஒரு வடிசாலையில் நாலு மிடறு சுவைத்துவிட்டு யாரும் சாவியைத் தொட முடியாது.

வழியில் வாய் சும்மா இருக்கவில்லை. “லாகவூலின் விஸ்கியைக் கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் சொல்லிடுவேன்” என்றேன். அண்ணி கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தார்.

“சனிக்கிழமை ராத்திரி கட்டிவிடறேன் தம்பி.”

12 செப்டம்பர், வெள்ளி
போர்ட் எலன்

இன்று காருக்கு வேலை இல்லை. போர்ட் எலனிலிருந்து கிழக்கே ஒரு நடைபாதை. லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் என மூன்று வடிசாலைகளும் அடுத்தடுத்து அதன் மேல் வருகின்றன. முதல் இரண்டுக்கும் நடுவே ஒரு மைல்தான். தொடங்கிய வருஷம் ஆர்ட்பெக்கும் லஃப்ராய்க்கும் 1815 என்கின்றன, லாகவூலின் 1816. நம்மூரில் ஒரே தெருவில் மூன்று பெருமாள் கோயில் இருந்தால் எப்படியோ அப்படி. தெய்வம் ஒன்று, தளிகை வேறு.

லஃப்ராய்க்கில் இன்னும் ஒரு பகுதி பார்லியைத் தரையில் பரப்பித் தாங்களே முளைகட்டுகிறார்கள். அண்ணி குனிந்து ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்து, “கேழ்வரகு மால்ட்டுக்கு நாங்க செய்யறதுதானே இது?” என்றார். அதேதான். நாம் வெயிலில் காயவைக்கிறோம், இங்கே வெயில் ஏது? சதுப்பில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக மட்கிப் படிந்த பாசியையும் புல்லையும் வெட்டி எடுத்து எரிக்கிறார்கள். அதுதான் பீட். அதன் புகை ஈர முளையில் ஏறி, ஃபீனால் என்ற வகைச் சேர்மங்களாக ஒட்டிக்கொள்கிறது.

குடுவையை மூக்கருகே வைத்த அண்ணன், “பினாயில்!” என்று முகம் சுளித்தார். வழிகாட்டிப் பெண்ணுக்குப் புரியவில்லை. அண்ணிக்குப் புரிந்தது. முப்பது வருஷமாக நர்ஸ் வேலை பார்ப்பவர். “அவர் சொல்றது சரிதான். ஃபீனால், கிரிசால் எல்லாம் ஒரே குடும்பம். வார்டு கழுவினதும் வர்ற வாசம்” என்றார். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் இந்த விஸ்கி மருந்து என்ற பெயரில் உள்ளே போனதாக ஒரு கதை சொல்கிறார்கள். வாசத்தைப் பார்த்தால் சுங்க அதிகாரியைக் குறை சொல்ல முடியாது.

என் குறிப்பேட்டில் வழக்கம்போல “கடற்பாசி, அயோடின், கிறிஸ்துமஸ் கேக்” என்று எழுதியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் கேக்கை நான் முதலில் தின்றதே இருபத்தாறு வயதில். யாரோ ஒருவருடைய பாட்டி சுட்ட கேக்கை நான் எதற்கு என் குறிப்பேட்டில் சுமக்கிறேன் என்று இன்றுதான் தோன்றியது. நம்மூரில் சரக்கை முகர்ந்து பார்த்தவரைவிட மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தவர்களே அதிகம். வாசத்தைச் சொல்லச் சொந்தச் சொல் சேராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். சேர்ந்திருந்தாலும் பெரும்பாலும் கரும்புச் சக்கைப்பாகு ஸ்பிரிட்டில் நிறமும் மணமும் கலந்ததை வைத்து என்னத்தைச் சொல்வது? அதை ஐரோப்பாவில் விஸ்கி என்று விற்கவே முடியாது.

லாகவூலினில் வடிகலன்களைப் பார்த்தேன். பேரிக்காய் மாதிரி அடிபருத்த செம்புப் பாத்திரங்கள். ஆர்ட்பெக்கில் மதியச் சாப்பாடு. 1981 முதல் 1989 வரை மூடிக்கிடந்த இடம் என்று நம்ப முடியாத கூட்டம்.

13 செப்டம்பர், சனி
நள்ளிரவு தாண்டிவிட்டது

காலையில் தீவின் வடக்கு மூலை. கல் ஈலா வடிசாலையின் வடிகலன் கூடத்துக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஆறு செம்புப் பாத்திரங்கள், அவற்றுக்கு அப்பால் ஓடும் நீரிணை, அதற்கும் அப்பால் ஜூரா தீவின் மலைகள். ஓர் ஆலைக்குள் நின்று இயற்கையைப் பார்த்து வாயடைத்துப் போனது இதுதான் முதல்முறை.

ஆனால் எனக்கு இன்று கிடைத்த விஷயம் வேறு. லாகவூலினுக்கும் கல் ஈலாவுக்கும் முளைதானியம் வருவது ஒரே இடத்திலிருந்து, போர்ட் எலன் மால்ட்டிங்ஸ் என்ற முளைகட்டும் ஆலை. புகை அளவும் ஒன்றே, பத்து லட்சத்தில் சுமார் 35 பங்கு ஃபீனால். பிறகு ஏன் ஒன்று கனம், ஒன்று லேசு? லாகவூலினில் கள்ளை இரண்டு முறை காய்ச்சுகிறார்கள், இரண்டாம் முறைப் பாத்திரத்தை ஏறக்குறைய வாய்வரை நிரப்பி மெதுவாக. கள் என்றுதான் எனக்கு வருகிறது, இவர்கள் அதை வாஷ் என்கிறார்கள். ஆவிக்குச் செம்போடு உரச இடம் குறைவு, கனமான வாசங்களும் சேர்ந்தே தாண்டிவிடும். கல் ஈலாவில் பெரிய பாத்திரத்தில் ஏறக்குறைய பாதிதான் ஊற்றுகிறார்கள். ஏறும் ஆவியில் கனமானது செம்பில் மோதித் திரும்ப வழிந்துவிடும், மெல்லியதுதான் மேலே போகும். அண்ணன் இதை ஒரே வரியில் முடித்தார்: “ஒரே மாவு. இங்க இட்லி, அங்க பணியாரம்.”

அங்கிருந்து ஒற்றை வழிச் சாலையில் புன்னஹாவன் வடிசாலை. இவர்களின் 12 வருஷ விஸ்கியில் பீட் புகை இல்லை. எல்லா இடத்திலும் அண்ணிக்கு ஓட்டுநர் பங்கு என்று குட்டிப் புட்டியில் ஊற்றி மூடிக் கொடுத்தார்கள்.

ராத்திரி பரீட்சை. அண்ணன் அடுக்களையில் ஐந்து கிளாஸ்களில் ஊற்றி, அடியில் எண் ஒட்டிக் கொண்டுவந்தார். லஃப்ராய்க் 10, லாகவூலின் 16, கல் ஈலா 12, புன்னஹாவன் 12, கிளாஸ்கோவிலிருந்தே அவர் மூட்டை கட்டி வந்த அம்ருத் ஃப்யூஷன். இந்திய பார்லியோடு புகையேறிய ஸ்காட்லாந்து பார்லியும் சேர்ந்த பெங்களூர் விஸ்கி அது. அம்ருத் 2004இல் உலகச் சந்தைக்கு வந்ததே கிளாஸ்கோ வழியாகத்தான் என்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு சின்ன ஊர்ப்பெருமை.

நான் ஒவ்வொன்றாக வாயில் வைத்து உருட்டினேன். அண்ணி கைப்பையிலிருந்து ஊசி மாட்டாத சிரிஞ்சை எடுத்தார். 40 சதவீதச் சரக்குக்குச் சரிபாதி தண்ணீர், 50க்கு ஒன்றுக்கு ஒன்றரை. எல்லாமே சுமார் 20 சதவீதத்துக்கு இறங்கும். கலப்பு வல்லுநர்கள் இப்படித்தான் இறக்கிவைத்து, பெரும்பாலும் முகர்ந்தே முடிவெடுப்பார்கள் என்று நேற்று வழிகாட்டி சொன்னது எனக்கும் கேட்டது, ஆனால் அண்ணி ஒருவர்தான் அதை மனதில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு கிளாஸையும் சாஸரால் மூடி ஐந்து நிமிஷம். பிறகு திறந்து, ஒரே மூச்சு.

முதல் கிளாஸ்: “வார்டு. லஃப்ராய்க்.” 

இரண்டாவது: “மர பீரோவுக்குள்ள உலர்ந்த திராட்சை. புகையில்லாதது.” 

மூன்றாவதில் நிதானித்தார். “எலுமிச்சந்தோல், ஈர மணல். புகை வீட்டுக்கு வெளியே எங்கேயோ.” 

நான்காவது: “விறகடுப்பை அணைச்சு ஒரு மணி நேரம் ஆன அடுக்களை. புகை சுவத்துல இருக்கு.” 

ஐந்தாவதுக்குச் சிரித்துவிட்டார். “தோல் கறுத்த வாழைப்பழம். வெயில் பார்த்த சரக்கு.” 

வெயில் பார்த்ததுதான். ஸ்காட்லாந்துப் பீப்பாயில் வருஷத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகிப் போகும், பெங்களூரில் 10க்கு மேல்.

அண்ணி ஐந்துக்கு ஐந்து. நான் மூன்று. மூன்றாவதை லாகவூலின் என்றும் நான்காவதைக் கல் ஈலா என்றும் எழுதியிருந்தேன். பகலில் குடித்தது நாக்கில் இருந்தது என்று ஏதோ சொன்னேன். யாரும் பதில் பேசவில்லை. உண்மை இதுதான்: எனக்கு அதிகம் பிடித்தது மூன்றாவது, பிடித்ததற்கு விலை கூடிய பெயரை வைத்தேன். ஆறு வருஷமாக லாகவூலின் வாங்குகிறேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

மழை. பௌமோரில் 1767இல் கட்டிய வட்டமான தேவாலயம். சாத்தான் ஒளிந்துகொள்ள மூலையே இருக்கக் கூடாது என்றுதான் வட்டமாம். கீழே வடிசாலையில் கடலை ஒட்டிய பழைய கிடங்கு. எனக்குத் தும்மல் ஆரம்பித்துவிட்டது, எதையும் முகரவில்லை. படகில் அண்ணன் கடைசி முறையாக விஸ்கியில் சோடா ஊற்றினார். இந்தமுறை நான் ஒன்றும் சொல்லவில்லை.

20 செப்டம்பர், சனி
கிளாஸ்கோ

சளி விடவில்லை. அண்ணி வீட்டில் பெனிசிலின் போட்டேன். ஊசி இல்லை, காக்டெய்ல். நியூயார்க்கில் சாம் ராஸ் என்பவர் 2005இல் உண்டாக்கியது. 60 மி.லி. கலப்பு ஸ்காட்ச், எலுமிச்சைச் சாறும் இஞ்சி தட்டிப்போட்ட தேன்பாகும் தலா 22 மி.லி. குலுக்கி வடித்து, மேலே ஒரு டீஸ்பூன் போல ஐலா விஸ்கியை மிதக்கவிட வேண்டும். குடிக்கும்போது வாய்க்கு முன்னால் மூக்குக்குப் புகை வந்துசேரும். அந்த மிதப்புக்கு இன்று கல் ஈலா ஊற்றினேன், வாங்கியது போன புதன்கிழமை.

விஸ்கி சேர்க்காத பாகை அண்ணி விரலில் தொட்டு நக்கிப் பார்த்து, “சுக்குத்தண்ணிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? மிளகு எங்க?” என்றார். நாலு மிளகு தட்டிப் போட்டேன். அண்ணன் இரண்டு கிளாஸ் குடித்தார், சோடா கேட்கவில்லை.

ஓட்டுநர் பங்குப் புட்டிகள் அண்ணியின் மருந்து அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. மூடி திறக்கவில்லை. கம்பெனிப் பெயர் மேலே பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் எழுதியிருக்கிறார்: ‘ஈர மணல்’, ‘மர பீரோ’. ஒன்றில் மட்டும் எதுவும் எழுதாமல் விட்டிருந்தார். கேட்டதற்கு, “அது இன்னும் ஞாபகம் வரலை தம்பி, வாசம் தெரியுது, இடம் தெரியலை” என்றார்.