ஏடிவிக்கு 27 இஞ்ச் டயர் போட்ட கதை: 12னு ஒரு வார்த்தை சொல்லாம விட்டதுக்கு பன்னெண்டு நாள் போச்சு

டயர் மாட்டியாச்சு, வண்டி ஓடுது, சேத்துல மாட்டுறதும் இல்ல. அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா ஒரே நாள்ல முடிய வேண்டிய வேலை ரெண்டு வாரம் இழுத்துச்சு, பாதி என் அவசரம், பாதி அடுத்தவன் அலட்சியம், அந்த வயித்தெரிச்சல்லதான் இதை எழுதறேன்.

வண்டி பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570ங்கற ஏடிவி, அதாவது பைக் மாதிரி ஹேண்டில் வச்சு காடு மேட்டுல ஓட்டற நாலு சக்கர வண்டி, செகண்ட் ஹாண்ட்ல வாங்குனது. தாண்டிக்குடிப் பக்கம் காபி, மிளகுத் தோட்டம், மூட்டை ஏத்தத்தான் வண்டி, ரிஜிஸ்ட்ரேஷன் கிடையாது, அதனால கேட்டைத் தாண்டி ரோட்டுல உருட்ட முடியாது (இது பின்னாடி எவ்ளோ பெரிய தலைவலின்னு பாருங்க). கம்பெனி டயர் முன்னாடி 25×8-12, பின்னாடி 25×10-12. ஐப்பசி மழைக்கு ஓடைக்குக் கீழ இருக்கற பாதை களிமண் குழம்பாயிரும், அடிப்பக்கம் பாறைல உக்காந்துரும், நாலு பேரு சேந்து தூக்கணும். சரி, 27 போட்டுருவோம்னு முடிவு பண்ணேன்.

முதல்ல காசை மிச்சம் பிடிக்கலாம்னு பின்னாடி ரெண்டு மட்டும் பெருசு பண்ணப் பாத்தேன். நம்ம மெக்கானிக் தம்பி தலையிலடிச்சுக்கிட்டான். ஃபோர் வீல் போட்டா முன்னாடியும் பின்னாடியும் ஒரு கணக்குல சேந்து சுத்தணும், ஒரு பக்கம் மட்டும் உயரமா இருந்தா ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு கியர் பெட்டிதான் அடிவாங்கும்னான். அதனால நாலுமே வாங்கறதாச்சு. அந்தக் காசுக்கு நல்ல கண்டிஷன்ல ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் வாங்கியிருக்கலாம், அது வேற விஷயம்.

இப்பதான் மெயின் கூத்து. ஏடிவி டயர் சைஸ் கார் டயர் மாதிரி இருக்காது. முதல் நம்பர் மொத்த உயரம், ரெண்டாவது அகலம், கடைசி நம்பர் ரிம், எல்லாமே இஞ்ச்ல. நான் போன்ல கடைக்காரர்கிட்ட "முன்னாடிக்கு 27 9, பின்னாடிக்கு 27 11"னு சொன்னேன். அவரும் "ஓகே சார் ஸ்டாக் இருக்கு"ன்னாரு. 12னு நான் சொல்லல, எந்த ரிம்முன்னு அவர் கேக்கல. பார்சல் வந்துச்சு, பாலிதீன் சுத்தி பளபளன்னு நாலு டயர், நான் மேல இருக்கற பட்டனைத்தான் (மண்ணைப் பிடிக்கற ரப்பர் கட்டைங்க) தடவிப் பாத்தேன், சைடுல எழுதியிருக்கறதைப் படிக்கல.

வண்டியக் கட்டை மேல ஏத்தி நாலு வீலையும் கழட்டி, பொலிரோ பிக்கப் வாடகைக்குப் பிடிச்சு, பட்டிவீரன்பட்டி வழியா வத்தலக்குண்டு இறங்கி ஒரு டயர் கடைக்குப் போனோம். பின் வீல் ரெண்டும் அரை மணி நேரத்துல முடிஞ்சுச்சு. மூணாவது வீல், முன்னாடிது. பழைய டயரு ரிம்மோட ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு வரவே மாட்டேங்குது, கடைக்கார அண்ணன் வேர்த்து விறுவிறுத்து அதைக் கழட்டி, புது டயரை எடுத்து ரிம் மேல வைக்கிறாரு, லிவரே போடாம சொளக்குன்னு உள்ள இறங்கிருச்சு. எலும்புக் கையில போட்ட பெரிய வளையல் மாதிரி ரிம்மைச் சுத்தி ஆடுது. அவர் என்னை ஒரு பார்வை பாத்தாரு. "தம்பி, இது வேற வண்டி டயரா?" குனிஞ்சு பாத்தா 27×9-14. பதினாலு! பின்னாடிது மட்டும் சரியா 12 அனுப்பியிருக்கான் புண்ணியவான்.

மறுபடி அந்தப் பழைய டயரையே அந்த ரிம்ல மாட்டித் தரச் சொன்னேன். கழட்டுனதுக்கும் கூலி, மாட்டுனதுக்கும் கூலி. போன் பண்ணா டயர் அனுப்புன கடைக்காரர் "சோப்புத் தண்ணி பட்டுருச்சு, ரிட்டர்ன் கிடையாது, பில்லுல 27-9னுதான இருக்கு, அதான அனுப்பிருக்கோம்"ங்கறாரு. பில்லைப் பாத்தேன், அப்படித்தான் இருக்கு, ரிம் சைஸே இல்ல. என்ன பேச முடியும். அதனால சொல்றேன், மூணு நம்பரும் முழுசா மெசேஜ்ல எழுதி அனுப்புங்க, பார்சல் கட்டறதுக்கு முன்னாடி நாலு டயரோட சைடுவாலையும் போட்டோ கேளுங்க, பில்லுல முழு சைஸும் போடச் சொல்லுங்க. நாலுங்கறது நாலு, ரெண்டைப் பாத்துட்டு விட்றாதீங்க.

அடுத்த ரெண்டு டயர் வர பன்னெண்டு நாள். அது வரைக்கும் வண்டி கட்டை மேலயே, மிளகு பறிப்பு நேரம் வேற, மூட்டையத் தலையில தூக்குன ஆளுக என்னைப் பாத்து சிரிச்ச சிரிப்பு இருக்கே.

இந்தத் தடவை கீழ இறங்கக் கூடாதுன்னு வைராக்கியம், வாடகை வண்டிக்கு அழ முடியாது. தோட்டத்துலயே மாட்டுனோம். ரிம்மோட ஒட்டுன டயரை விடுவிக்க ஒரு வழி: காத்தை முழுசா இறக்கிட்டு, வீலை எங்க ஜீப்போட இரும்பு பம்பருக்குக் கீழ படுக்கப் போட்டு, டயர் ஓரத்துல ஒரு கட்டைய வச்சு அதுக்கு மேல பாட்டில் ஜாக்கிய நிறுத்தி ஏத்துங்க. ஜீப் வெயிட்டுக்கு "பொடக்"குனு விட்டுரும். ரிம் மேல ஜாக்கி படாமப் பாத்துக்கணும்.

கழட்டுனது சுலபம், காத்துப் பிடிக்க வச்சதுதான் பாடு. டயர் பார்சல்ல அமுங்கியே வந்ததால ரெண்டு ஓரமும் உள்ள சுருங்கிக் கெடக்கு, ரிம்மைத் தொடவே இல்ல. என்கிட்ட இருக்கறது சின்ன கம்ப்ரசர், இது இந்தப் பக்கம் அடிக்க அது அந்தப் பக்கம் புஸ்ஸுன்னு போகுது. ஒரு மணி நேரம் போராடுனோம். அப்புறம் எங்க தோட்டத்துல மரம் ஏறுற அண்ணன் ஒருத்தர், டயர்னா என்னன்னே கவலைப்படாத மனுசன், தேங்கா நார்க் கயிறை டயரோட பட்டன் மேல வட்டமா ரெண்டு சுத்து சுத்தி, நடுவுல ஒரு கம்பிய விட்டு முறுக்குனாரு. முறுக்க முறுக்க டயர் நடுவுல அமுங்கி ஓரம் ரெண்டும் வெளிய பிதுங்கி ரிம்மை ஒட்டுச்சு. சோப்புத் தண்ணிய நல்லா தடவி, வால்வு பின்னைக் கழட்டிட்டு காத்தை விட்டோம், இந்தத் தடவை நின்னுச்சு. கயிறைத் தளர்த்திட்டு தள்ளி நின்னு அடிச்சோம், முதல்ல ஒரு "டப்", கொஞ்சம் கழிச்சு இன்னொரு "டப்". ரெண்டு சத்தம் கேக்கணும், ஒண்ணு மட்டும் கேட்டா ஒரு பக்கம் இன்னும் உக்காரலன்னு அர்த்தம். எவ்ளோ வரைக்கும் அடிக்கலாம்னு டயர் சைடுலயே அச்சடிச்சிருப்பான், அதத் தாண்டாதீங்க, உக்காரலன்னா இறக்கிட்டு மறுபடி சோப்பு போடுங்க.

அன்னைக்கு நான் விட்ட ஒரே கோட்டை, சுத்தற திசைக்கு டயர் சைடுல போட்டிருக்கற அம்புக்குறிய பாக்காம ஒரு டயரைத் திருப்பி மாட்டுனது. பட்டன்ல ஒண்ணு வி மாதிரி, இன்னொண்ணு தலைகீழ் வி. பாத்தவுடனே உக்காந்துட்டேன். மறுபடி ஜாக்கி, கட்டை, கயிறு.

மாட்டி எடுத்தா வண்டி ரப்பர் பந்து மாதிரி குதிக்குது. பின்னாடி கேரியர்ல சாமான் நிக்கல. என்னடான்னு பாத்தா, வத்தலக்குண்டு கடையில பின் டயருக்கு 30 பாயிண்ட் அடிச்சு விட்டிருக்காரு, கார் பழக்கம். ஏடிவிக்கு அஞ்சு ஏழு பாயிண்ட்தான், வண்டிலயே ஸ்டிக்கர் இருக்கும். சாதா கேஜ் அந்த அளவை ஒழுங்கா காட்டாது, கம்மி ப்ரஷர் கேஜ் ஒண்ணு தனியா வாங்கிருங்க. இறக்குனதுக்கு அப்புறம் மெத்தை. வீல் நட்டை மறுநாள் ஒரு தடவை திரும்ப டைட் வைங்க, என்னோடதுல ஒண்ணு கால் சுத்து போச்சு.

நேராப் போகும்போது எங்கயும் உரசல. ஹேண்டிலை முழுசா ஒடிச்சு பள்ளத்துல இறங்குனா மட்டும் கால் வைக்கற பிளாஸ்டிக்ல "கர்ர்ர்"னு தேய்க்குது. நின்ன இடத்துல ஒடிச்சுப் பாத்து திருப்திப்பட்டதுதான் தப்பு, முன்னாடி ரெண்டு பேரை ஏறி அமுக்கச் சொல்லிட்டு ஒடிச்சுப் பாக்கணும். ஹீட் கன்னால சூடு காட்டி உள்பக்கமா அழுத்தி விட்டேன், இப்ப ஒரு விரக்கடை இடம் இருக்கு.

27னு எழுதியிருந்தாலும் டேப் வச்சா இருபத்தாறரைதான் வருது. அதாவது உயரம் ஒன்றரை இஞ்ச் ஏறுனா அடிப்பக்கம் முக்கால் இஞ்ச்தான் ஏறும், பாதிதான் கிடைக்கும். அந்த முக்கால் இஞ்சே ஓடைப் பாறையத் தாண்டப் போதும், எங்க பாதைக்கு. ஆனா மிளகு நிறுக்கற தராசுல வச்சுப் பாத்தேன், பின்னாடிப் பழைய டயரு பத்து கிலோகிட்ட, புதுசு பதினாலு. அந்த வித்தியாசத்தை, இன்ஜின் இழுவைய வீலுக்குக் கடத்தற ரப்பர் பெல்ட்தான் சுமக்கணும். மேட்டுல ஹை கியர்ல மூட்டையோட ஏத்துன அன்னைக்கு ரப்பர் கருகுன வாடை வந்துச்சு, நெஞ்சு பக்குன்னுருச்சு. இப்பல்லாம் மேடுன்னா லோ போட்டுத்தான் ஏத்தறேன், வாடை இல்ல. கிளட்ச் ஸ்பிரிங் மாத்துனா சரியாகும்னு தம்பி சொல்றான், சொல்லி வச்சிருக்கேன். பிரேக்கும் முன்ன மாதிரி சட்டுன்னு நிக்கல, இறக்கத்துல ஞாபகம் வச்சுக்கணும்.

போன வாரம் பேஞ்ச மழைக்கு ஓடைப் பாதையில ரெண்டு மூட்டையோட ஏறி வந்தேன், யாரும் தள்ளல. கயிறு முறுக்குன அண்ணன் மேட்டுல நின்னு பாத்துட்டு "ம்"னாரு. அவருகிட்டருந்து அது பெரிய விஷயம்.

அந்த 27×9-14 ரெண்டும் ஸ்டோர்லதான் கெடக்கு, ஒண்ணுக்குள்ள கோழி அடைகாக்குது. 14 இஞ்ச் ரிம் வச்சிருக்கறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, குஞ்சு பொரிச்சதும் தந்துடறேன்.